ஏழாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

அன்பு மகன் நண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் பொடிசும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசு நிறையும் என்று எழுத உட்கார்ந்தேன், சுகம் என்ற சொல்லைத் தாண்டவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. முப்பத்து நாலு வயது, ஆறடி உயரம், இந்த ஆளை இன்னும் நண்டு என்றா கூப்பிடுவார்கள் என்று மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும், தவழ்கிற வயதிலேயே பக்கவாட்டில் ஓடிப் பழகின பயலுக்கு வேறென்ன பேர் வைப்பது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் மூன்று தடவை வாயெடுத்தேன். முதல் தடவை புதுக் கால்பந்துக் கிளப் கிடைத்த சந்தோஷத்தில் நீ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாய். இரண்டாம் தடவை பொடிசு போனைப் பிடுங்கிக்கொண்டு தன் பல் விழுந்த கதையைச் சொன்னாள். மூன்றாம் தடவை உனக்கு நேரம் இருந்தது, நான்தான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கூரியரில் போட்டால் நாலு நாளில் உன் கைக்கு வரும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், புதுக் கிளப்பில் உன் மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உட்கார்ந்து படி, கடைசிவரை படி, பாதியில் எனக்குப் போன் போடாதே.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய பட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் அது என்ன குதிரைக்குப் போடுறதா என்கிறாள், ஆனால் பக்கத்து வீட்டு டீச்சர் வந்தால் மட்டும் போட்டுக்கொண்டு, பையன் வெளிநாட்டுலேருந்து அனுப்பினான் என்று காலை நீட்டி நீட்டிக் காட்டுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் பிரேக் பார்த்த மனுஷனுக்கு ஒரு வாஷர் மாற்றத் துப்பில்லை என்று தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நீ போகப்போகும் புது ஊருக்கு அவள் இன்னும் பேர் வைக்கவில்லை. எட்டு நாட்டில் பதினோரு கிளப்புக்கு ஆடினாய், ஒரு ஊரின் பேரும் அவள் நாக்கில் ஏறாது, பல்வலி ஊர், புறா ஊர், கோச் அழுத ஊர், பெட்டி தொலைந்த ஊர் என்று அவள் வைத்த பேர்தான் இந்த வீட்டில் செல்லும். கடைசியாக ஏழெட்டு மாதம் எந்தக் கிளப்பும் கூப்பிடாமல் நீ தனியாகப் பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாயே, அந்தக் காலத்துக்கு மட்டும் அவள் பேர் வைக்கவே இல்லை, அதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். அப்படி இருந்த வீட்டில்தான் நீ போன் பண்ணி, ரெண்டு வருஷ ஒப்பந்தம்ப்பா, ஒன்பதாம் நம்பர் சட்டைப்பா என்று சொன்னாய். அவள் அடுப்பை அணைக்காமலே டீச்சர் வீட்டுக்கு ஓடினாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. இதைப் பார்த்த பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன், சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா மகள் கீச்சு மூன்று வாரத்துக்கு முன் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். நீ பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள். நூலகத்தில் லிப்ட் பழுது, திரும்பி வந்த புத்தகங்களை மார்போடு அடுக்கிக்கொண்டு ரெண்டு மாடி விறுவிறுவென்று ஏறியிருக்கிறாள், மேல்படியில் கால் வைத்ததுதான் அவளுக்கு ஞாபகம். ஆஸ்பத்திரிக்கு நானும் உன் சித்தியும் போனோம். சித்திக்கு மருந்து வாசனை ஆகாது, வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள், பெரியப்பா என்கிற முறையில் நான்தான் கீச்சுவோடு டாக்டர் அறைக்குள் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கேனைப் பார்த்தார். இதயத்தின் தசை ஒரு பக்கம் தடித்திருக்கிறது, இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர், தலையில அடி, எனக்கு அப்ப பதினோரு மாசம் என்று கீச்சு சட்டென்று சொன்னாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த டாக்டர் எழுதிக்கொண்டே யதேச்சையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னைச் சந்தேகப்பட்டெல்லாம் இல்லை, சும்மாதான் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் கட்டிக் காத்த பொய் அந்த ஒரு பார்வைக்குத் தாங்கவில்லை.

நீயும் அதே பாடத்தைத்தான் படித்து வளர்ந்தாய், அதனால் உனக்கும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது, உனக்கு ஆறு. நாம் அந்த நாலாவது மாடி வீட்டில் இருந்தோம். கீழே இறங்கிப் போனவன் சாவியை மறந்துவிட்டான் என்று திரும்ப ஓடி ஏறி வந்தான். எத்தனை விநாடியில் ஏறுகிறான் பார்க்கலாம் என்று நான் மேலே நின்று எண்ணினேன், எங்களுக்குள் அது வழக்கமான விளையாட்டு. கடைசிப் படியில் உட்கார்ந்து சிரித்தான். ஒண்ணுமில்லண்ணா, மூச்சு வாங்குது, சிரிக்க வைக்காத என்றான், அப்படியே சுவரில் சாய்ந்தான், அவ்வளவுதான். உன் அத்தைக்கு இன்னும் இருபது நாளில் கல்யாணம். எங்கள் அப்பா முப்பத்தொன்பது வயதில் தூங்கியபடியே போனவர், இப்போது தம்பியும் இப்படி என்றால் இந்த வீட்டு ரத்தமே சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கைகழுவிவிடுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சமையலறைக்குள் நின்று பேசி முடித்தார்கள். வழுக்கி விழுந்தான் என்று சொல்லலாம் என்று முடிவானது. ஆட்கள் வருவதற்குள் பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியவன் நான்தான். யாரும் என்னை ஊற்றச் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. அத்தை கல்யாணம் நடந்தது, நன்றாகவும் இருக்கிறாள், அதில் குறை இல்லை. டாக்டர் அறையில் இதைச் சொல்லி முடித்ததும் கீச்சு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், பெரியப்பா, நான் இன்னிக்கு வரைக்கும் தரையத் தொடச்சுட்டுத்தான் குளிக்கப் போறேன், உங்களுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன்.

இதில் நீ எங்கே வருகிறாய் என்று கேட்பாய். ரத்த சம்பந்தம் உள்ள எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார், முதல் ஆளாக என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது. அறுபத்து நாலு வயதுவரை ஒரு தொந்தரவும் செய்யாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது, சிலருக்கு அப்படித்தானாம், கொடுத்து வைத்தவர் நீங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. எனக்கு இருந்தால் உனக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். என் மகன் கால்பந்து ஆடுகிறவன், பதினோரு கிளப்பில் சேரும்போதெல்லாம் நெஞ்சில் ஒயரை ஒட்டித்தானே பார்த்தார்கள், இருந்தால் தெரிந்திருக்காதா என்று மடக்கினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கவனமாகப் படி. ஓடி ஓடிப் பழகின விளையாட்டுக்காரர்களுக்கு இதயம் இயல்பாகவே கொஞ்சம் தடித்துத்தான் இருக்குமாம். இது பயிற்சியால் வந்த தடிப்பா, நோயால் வந்த தடிப்பா என்று சந்தேகம் வரும் இடத்தில், உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்ற ஒரு கேள்வியைத்தான் டாக்டர்கள் முதலில் பார்ப்பார்களாம். ஆம் என்று இருந்தால் இன்னும் ஆழமாக, நேரமெடுத்து, வேறு ஸ்கேன் பண்ணுவார்கள். இல்லை என்று இருந்தால், நல்ல உழைப்பாளி இதயம் என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நீ பத்தொன்பது வயதில் முதல் கிளப்பில் சேரப் போன அன்று, பரிசோதனை அறைக்கு வெளியிலிருந்து போன் பண்ணினாய். நான் டெப்போவில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அப்பா, இங்க ஒரு படிவம் குடுத்திருக்காங்க, ஏழாவது கேள்வி, வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருக்காங்களான்னு, சித்தப்பா விழுந்தது இதுல வருமா, தாத்தாவ எழுதணுமா என்று கேட்டாய். நீ சரியாகத்தான் கேட்டாய், கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டாய். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. ஆம் என்று எழுதினால் நூறு கேள்வி கேட்பார்கள், அடுத்த விமானத்தில் பையனைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள், அவன் ஆறு வயதிலிருந்து டெப்போவில் பஸ் கழுவுமிடத்துச் சுவரில் பந்தை உதைத்து உதைத்துச் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்று தோன்றியது. இல்லைன்னு எழுதுடா, தாத்தாவுக்கு வயசாச்சு, சித்தப்பா வழுக்கி விழுந்தாரு, அவ்வளவுதான் என்றேன். நீ எழுதினாய். அடுத்த கிளப்பில் பழைய படிவத்தைப் பார்த்து எழுதினாய், அதற்கடுத்த கிளப்பிலும் அப்படியே. டெப்போவில் டிரைவர்கள் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது குறை எழுத ஒரு நோட்டு உண்டு, தெரியும் அல்லவா. பார்க்காமலே குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் வாசலுக்கே துரத்திப் போய் இழுத்து வந்து வண்டியைச் சுற்றி நடக்க வைத்திருக்கிறேன், பிரேக்கில் சின்னச் சத்தம் என்றாலும் வண்டியை வெளியே விட்டதில்லை, மேலதிகாரி சொல்லியும் விட்டதில்லை. ஊரார் பிள்ளைகள் ஏறுகிற வண்டிக்கு அவ்வளவு பார்த்தவன் நான். எனக்கு இதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் மறைத்துவிட்டு, இனி ஒன்றும் ஆகாது என்று கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. முடியவில்லை. பெட்டி தொலைந்த ஊரில் ஆடினாயே, அங்கே ஒரு ஆட்டத்தில் எழுபதாவது நிமிடத்தில் தூக்கிப் போட்ட பந்துக்கு நீ தனியாக ஓடினாய், பந்து உன் காலுக்கு வந்தும் அதை விட்டுவிட்டு நின்றாய், பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாய். கயிறு அவிழவே இல்லை, டிவியில் நன்றாகத் தெரிந்தது. தண்ணி கம்மியா குடிச்சேன்ப்பா என்று சொன்னாய், நானும் சரி என்றேன். நீ படுக்கையிலிருந்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக மருமகள் உன் அம்மாவிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள், இனிமேல் என்னிடம் தண்ணீர்க் கதை சொல்லாதே.

நான் என்ன செய்வது என்று இந்த மூன்று வாரமும் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தக் கிளப்புக்கே எழுதலாம் என்றால் டாக்டர் யார் என்று தெரியாது, போன் பண்ணிப் பார்த்தேன், ஒரு பெண் ஏதோ கேட்டாள், எனக்கு உன் பேரைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, அவள் ரசிகன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். மருமகளிடம் சொல்லலாம் என்றால், உனக்குத் தெரியாமல் அவளிடம் சொல்வது உன் முதுகுக்குப் பின்னால் செய்கிற வேலை, ஏற்கனவே செய்தது போதும். நேரில் வரலாம் என்றால் விசாவுக்கே ஒரு மாதம் என்கிறார்கள். போகாதே என்று அதட்டலாம் என்றால் நீ என் அதட்டலுக்கு அடங்கின வயது எப்போதோ போயிற்று. சொன்னால் இந்த ஒப்பந்தம் போகும், இனி இன்னொரு கிளப் வராது, உனக்குப் பந்தைத் தவிர வேறு ஒரு தொழிலும் தெரியாது, தெரிய நான் விடவும் இல்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என்னால் எழுத முடியாது, அந்த நாலாவது மாடிப்படியில் நின்று எண்ணினவன் நான். ஒருவேளை உனக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், பாதிக்குப் பாதியில் நல்ல பாதி உன் பக்கம் விழலாம், எனக்கு அந்த ஆசைதான் பிடிப்பு. எனக்கு எந்தச் சாமியிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அன்று தண்ணீர் ஊற்றும்போது வாளியை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். நீங்களே எழுதுங்க, எனக்குக் கை வராது, எழுதினதை எங்கிட்டப் படிக்கவும் வேணாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், காய் நறுக்குவதாகப் பேர், அரை மணியாக ஒரே வெங்காயத்தைக் கையில் வைத்திருக்கிறாள்.

இதனுடன் ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்விக்கு என்ன எழுத வேண்டுமோ அதை அதில் எழுதியிருக்கிறேன். என் தகப்பனார், வயது முப்பத்தொன்பது, தூக்கத்தில். என் தம்பி, வயது முப்பத்தொன்று, மாடிப்படி ஏறி வந்து. தம்பி மகள், வயது இருபத்தொன்பது, மயக்கம், இதயத் தசைத் தடிப்பு உறுதி. நான், வயது அறுபத்து நாலு, அதே தடிப்பு. கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கீச்சு தன் ஸ்கேன் அறிக்கையைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள், அண்ணனுக்கு அனுப்புங்க, கேட்டா நான் பேசறேன்னு சொல்லுங்க என்றாள், அதையும் சேர்த்திருக்கிறேன். இந்தத் தாளை நீ டாக்டர் மேஜையில் வைப்பாயோ, கிழித்துப் போடுவாயோ, இரண்டில் எதைச் செய்தாலும் இங்கிருந்து என்னால் தடுக்க முடியாது. இவ்வளவு வருஷமும் உன் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இறங்குகிறவர்கள் பட்டியல் வரும், கண்ணாடியைத் தேடுவதற்குள் அவசரப்பட்டுப் போனைக் கண்ணுக்கு எதிரே தள்ளிப் பிடித்து உன் பேர் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் அம்மாவைக் கூப்பிடுவேன். இந்தத் தடவையும் பார்ப்பேன். உன் பேர் அதில் இருந்தால் டிவியைப் போடவும் எனக்குத் தைரியம் வராது, போடாமல் இருக்கவும் வராது. அதில் உன் பேரைக் காணோம் என்றால் உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அழுவேன், அது சந்தோஷத்தில் என்று நீ எடுத்துக்கொள்.

என் மேல் கோபம் வரும். வரட்டும், ஆயுசுக்கும் பேசாதே, நீ பேசாமல் இருக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன், அதற்கு நீ இருக்க வேண்டும். பொடிசையும் கண்டிப்பாக டாக்டரிடம் காட்டு, சின்னப் பிள்ளைதானே என்று விடாதே, மருமகளிடம் பக்குவமாகச் சொல், அவளைப் பயமுறுத்தாதே. வேளா வேளைக்குச் சாப்பிடச் சொல்லி அம்மா எழுதச் சொல்கிறாள், இந்த நேரத்திலும். நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது எனக்காகக் கேள். அந்த ஸ்கேன் எடுத்துப் பதில் வருகிறவரை ஓடாதே. அது உன் பிழைப்பு என்று எனக்குத் தெரியும், நான்தான் உன்னை ஓடச் சொல்லி வளர்த்தேன், ஆனாலும் சொல்கிறேன், ஓடாதே ராசா, நடந்தே போ.

இப்படிக்கு,
உன் அப்பா